கச்சான் காற்றும் 37 பாகையும்

சென்ற ஓகஸ்ட் மாதம். சிறுபோக அறுவடை முடிந்து, வயல்காரர்கள் எல்லோரும் நெல்லைத் தார்வீதியின் ஓரத்தில் பரவிக் காயவிட்டிருந்த நேரம். கச்சான் காற்று நெருப்பை அள்ளி வீசுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. காலை முதல் நெல்லைக் கிளறியும் மூட்டை கட்டியும் தூக்கியும் நின்ற என் மாமா, லுஹர் நேரம் நெருங்கும்போது அப்படியே சரிந்து விழுந்தார். ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தொட்டுப் பார்த்த உம்மம்மா, "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது" என்று போர்வையை எடுத்துப் போர்த்தினார். நான் ஓடிப்போய் இரண்டு பனடோல் எடுத்து வந்தேன். மாமாவோ யார் யாருடைய பெயரையோ சொல்லிப் பிதற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டு ராத்தா ஒரு தாதி. சத்தம் கேட்டு வந்தவர் முதலில் போர்வையை இழுத்து எறிந்தார். பனடோலைத் தட்டிவிட்டார். வாளி வாளியாகத் தண்ணீரை மாமாவின் மேல் ஊற்றச் சொல்லிவிட்டு, மின்விசிறியைப் பக்கத்தில் இழுத்து வைத்து, 1990 அம்புலன்சுக்கு அழைத்தார். மாமா பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வைத்தியசாலையில் கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான். உடல் வெப்பச் சீராக்கம் என்ற பாடத்தை மனனமும் செய்திருந்தேன். ஆனால் அந்தப் பாடம் என் மாமாவைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உடலுக்குள் ஓர் அடுப்பு

பல்லியும் ஆமையும் தம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அல்லது நீரின் வெப்பநிலைக்கேற்ப மாறும் உடலைக் கொண்டவை. காலை வெயிலில் மதிலில் ஒட்டியிருக்கும் ஓணான் உண்மையில் தன் உடலைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பறவைகளும் பாலூட்டிகளும் அப்படியல்ல. மார்கழி மழையிலும் சித்திரை வெயிலிலும் அவற்றின் உடலின் உட்பகுதி ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கிறது. மனிதனுக்கு 37 பாகை செல்சியசு, ஆட்டுக்கு 39 பாகை, கோழிக்கு 41 பாகை அளவில்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் உணவு ஒவ்வொரு கலத்திலும் எரிக்கப்படுகிறது. கலச்சுவாசம் என்று நாம் படிப்பது இதைத்தான். அதில் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிவருகிறது. வகுப்பில் சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மாணவி ஏறத்தாழ 70 வாற்று வீதத்தில் வெப்பத்தை உண்டாக்குகிறாள். பழைய காலத்து மின்குமிழ் ஒன்று வெளிவிடும் வெப்பத்துக்கு இது சமம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பறை ஏன் புழுங்குகிறது என்பது இப்போது விளங்கும்.

சரியான வெப்பநிலை ஏன் அவ்வளவு முக்கியம்? நம் உடலின் வேலைகளைச் செய்பவை நொதியங்கள். அவை புரதங்கள். குளிரில் அவை மந்தமாகும். சூடு கூடினால் அவற்றின் வடிவம் குலையத் தொடங்கும். முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் இறுகுவதும் புரதத்தின் வடிவம் குலைவதால்தான். உடலின் உட்சூடு 40 பாகையைத் தாண்டும்போது மூளை தடுமாறத் தொடங்குகிறது. 42 பாகை உயிருக்கே ஆபத்து. அதாவது, நாம் வாழும் நிலைக்கும் அபாய நிலைக்கும் இடையே இருப்பது வெறும் மூன்று நான்கு பாகைகளே.

மூளையில் ஒரு காவலாளி

மூளையின் அடிப்பகுதியில் பரிவகக்கீழ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. தன் வழியே ஓடும் குருதியின் சூட்டை அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தோலிலிருந்தும் அதற்குச் செய்தி வருகிறது. சூடு குறைந்தால் தோலுக்குச் செல்லும் குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. குருதி உள்ளேயே தங்கி வெப்பத்தைக் காக்கிறது. அதுவும் போதாவிட்டால் தசைகள் நடுங்குகின்றன. நடுக்கம் என்பது வேலை எதுவும் செய்யாமல் வெப்பத்துக்காக மட்டுமே தசையை இயக்குவது. பூனைக்கும் ஆட்டுக்கும் மயிர் சிலிர்த்து நிற்கும்போது காற்றுப் படை ஒன்று சிக்கிக்கொண்டு குளிரைத் தடுக்கிறது. நமக்குப் புல்லரிப்பது அதன் மிச்சம்தான்; பயனில்லை. பிறந்த குழந்தையால் நன்றாக நடுங்க முடியாது. அதற்காக அதன் முதுகிலும் கழுத்திலும் கபில நிறக் கொழுப்பு என்ற ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. நடுங்காமலே வெப்பம் தரும் கொழுப்பு அது.

சூடு கூடினால் எல்லாம் மறுபக்கம் திரும்புகிறது. தோலின் குருதிக்கலன்கள் விரிகின்றன; முகம் சிவக்கிறது; வியர்வை சுரக்கிறது. சூடு குறைந்ததும் காவலாளி இந்த வேலைகளை நிறுத்திவிடுகிறான். மாற்றம் தோன்றினால் அந்த மாற்றத்துக்கு எதிராகவே உடல் செயற்படுகிறது. குளிரூட்டி அறை குளிர்ந்ததும் தானே நின்று, சூடானதும் தானே இயங்குவதுபோல.

நம் ஊரின் உயிர்கள்

திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை. நடந்து போனால் போதும்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். நண்பகலில் அவை மரநிழலைவிட்டு அசைவதில்லை. முதல் பாடம் அதுதான்: வெப்பத்தை வெளியேற்றுவதைவிட, வாங்காமல் இருப்பது மலிவானது. மான், ஆடு, மாடு போன்றவற்றிடம் இன்னொரு அதிசயமும் உண்டு. மூளைக்குப் போகும் நாடி அடிமூளையருகே மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து ஒரு வலையாகிறது. மூச்சு வாங்கும்போது மூக்கினுள்ளே குளிர்ந்த குருதி நாளங்கள் வழியாகத் திரும்பி, இந்த வலையைச் சூழ்ந்து ஓடுகிறது. உடல் சூடாகியிருந்தாலும் மூளைக்குச் செல்லும் குருதி சற்றுக் குளிர்ந்தே செல்கிறது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிருக்குப் பால் தரும் எருமையைப் பாருங்கள். கறுத்த தோல், குறைந்த மயிர், மாட்டைவிடக் குறைந்த வியர்வைச் சுரப்பிகள். வெயிலில் நின்றால் அது தாங்காது. ஆகவே குளத்துச் சேற்றில் கழுத்துவரை அமிழ்ந்து கிடக்கிறது. அது சோம்பலல்ல. சேறு தண்ணீரைவிட மெதுவாகக் காய்வதால் எழுந்து வந்த பின்னும் வெகுநேரம் உடலைக் குளிர்விக்கிறது. எருமைக்கு வியர்வையை வெளியிலிருந்து தருவது சேறு என்று சொல்லலாம். கந்தளாய்ப் பக்கம் வரும் யானையும் சேற்றைப் பூசுகிறது. அதோடு காதுகளையும் விசிறுகிறது. அந்தக் காதின் மெல்லிய தோலுக்குள் ஓடும் குருதி விசிறும்போதெல்லாம் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. நண்பகலில் மதிலில் அமர்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் காகம் தாகத்தால் மட்டும் அப்படி இருக்கவில்லை. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கிறது. நீர்க்காகம் தொண்டைப் பையை விறுவிறுவென்று துடிக்கவைப்பதும் அதற்காகவே. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதும் அதே வேலைதான்.

துறைமுகத்துக்கு வெளியே

நம் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சிறுவயதிலிருந்தே படித்து வருகிறோம். அதன் வாயிலுக்கு அப்பால் கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதை அதிகம் பேசுவதில்லை. கரைக்கு மிக அருகிலேயே கடல் பாதாளமாவதால் உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத்திமிங்கிலமும், மிக ஆழமாக மூழ்கும் விலங்குகளில் ஒன்றான எண்ணெய்த் திமிங்கிலமும் நம் கரையை அண்டி வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்னும் ஆய்வுப் பாய்க்கப்பலில் வந்த விஞ்ஞானிகள் இக்கடலில் அவற்றை ஆராய்ந்தார்கள்.

திமிங்கிலம் மீனல்ல, நம்மைப்போல் வெப்பக் குருதி உள்ள பாலூட்டி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதன், நம் கடலைப்போல் இளஞ்சூடான கடலிலும், பல மணித்தியாலங்களில் விறைத்துப்போவான். எண்ணெய்த் திமிங்கிலமோ ஆயிரம் மீற்றருக்கும் கீழே, வெப்பநிலை 10 பாகைக்கும் குறைந்த இருட்டில் இரை தேடுகிறது. அதைக் காப்பது தோலுக்குக் கீழே உள்ள தடித்த கொழுப்புப் படை.

அப்படியானால் கொழுப்பில்லாத வாலும் துடுப்பும் ஏன் விறைப்பதில்லை? அங்கே போகும் நாடியைச் சுற்றி நாளங்கள் ஒட்டிச் செல்கின்றன. வெளியே போகும் சூடான குருதி, திரும்பி வரும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. வெப்பம் வால் நுனிக்குப் போகாமலே உடலுக்குள் திரும்பிவிடுகிறது. இதை எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்பர். மேலே, 28 பாகை நீரில் வேகமாக நீந்தும்போது நிலைமை மாறுகிறது. அப்போது கொழுப்புப் போர்வையே சுமை. உடனே குருதி தோலுக்கு அருகே உள்ள வேறு நாளங்கள் வழியாகத் திருப்பி விடப்படுகிறது. வாலும் துடுப்பும் யானையின் காதுபோல் வெப்பத்தைக் கடலுக்குக் கொடுக்கின்றன. போர்வையைப் போர்த்தவும் தெரிய வேண்டும், விலக்கவும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அன்று எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான்.

மீன்களிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சூரை இனத்து மீன்கள் இதே எதிரோட்ட முறையால் தசையின் வெப்பத்தைக் காத்து, சுற்றியுள்ள நீரைவிடச் சூடான உடலோடு நீந்துகின்றன. பிடிபட்டுத் துடிக்கும்போது அந்தச் சூடு இன்னும் கூடும். கடலுக்குப் போகும் நம் வீட்டு ஆண்கள், சூரையைப் பிடித்தவுடனே ஐசில் போடாவிட்டால் தசை கெட்டுவிடும் என்பார்கள். அவர்கள் சொல்வது விஞ்ஞானம்.

வியர்வையின் கணக்கு

மனிதனின் பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். 70 வாற்று வீதம் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 250,000 யூல். 50 கிலோகிராம் நிறையுள்ள உடலை ஒரு பாகை சூடாக்க 175,000 யூல் வரை போதும். உண்டாகும் வெப்பம் சற்றும் வெளியேறாவிட்டால், சும்மா இருக்கும்போதே உடல் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை சூடாகும். மூட்டை தூக்கினாலோ ஓடினாலோ இது பல மடங்காகும்.

இனி மறுபக்கம். ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியின் ஒரு மணித்தியால வெப்பத்தை நீக்க ஒரு சிறிய தேநீர்க் கோப்பையளவு வியர்வை போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரையும் உப்பையும் வீணாக்குகிறது. 1774 இல் லண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், 120 பாகைக்கும் மேற்பட்ட உலர்ந்த வெப்பமுள்ள அறைக்குள் நண்பர்களோடு சில நிமிடங்கள் நின்றார். அந்த அறையில் வைத்த முட்டை இறுகிப்போனது. உள்ளே நின்ற மனிதருக்கோ கேடில்லை. உலர்ந்த காற்று அவர்களுடைய வியர்வையை உடனுக்குடன் ஆவியாக்கியதே காரணம். ஈரக்காற்றில் இது நடக்காது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். அது 35 பாகையைத் தொட்டால், நிழலில் அம்மணமாக இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவனாலும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010 இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினர். 2022 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு செய்த சோதனைகளில், ஈரப்பதன் மிகுந்த சூழலில் அந்த எல்லை ஏறத்தாழ 31 பாகையிலேயே வந்துவிட்டது.

நம் மாவட்டத்தில் இரண்டு வகை ஆபத்தும் உண்டு. சித்திரைப் புழுக்கத்தில் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. கச்சான் காலத்தில் வியர்வை ஆவியாகும் வேகத்தில் நாம் வியர்த்ததே தெரியாது. உடலில் தண்ணீர் குறைந்துபோவதும் தெரியாது. தண்ணீர் தீர்ந்தால் வியர்வையும் நிற்கும். என் மாமாவுக்கு நடந்தது இரண்டாவது.

காய்ச்சல் வேறு, வெப்பத்தாக்கு வேறு

இப்போது அந்தப் போர்வைக்கு வருவோம்.

காய்ச்சலின்போது, கிருமிகளோடு போராடுவதற்காக மூளையின் காவலாளியே இலக்கை உயர்த்திவிடுகிறான். 37 க்குப் பதிலாக 39 தான் சரி என்று தீர்மானிக்கிறான். ஆகவே 38 பாகையில் இருக்கும் நோயாளிக்கும் குளிர்கிறது, நடுங்குகிறார், போர்வை கேட்கிறார். பனடோல் அந்த உயர்ந்த இலக்கைக் கீழே இறக்குகிறது.

வெப்பத்தாக்கில் இலக்கு மாறவில்லை. அது 37 இலேயே இருக்கிறது. காவலாளி தன் எல்லா ஆயுதங்களையும் எடுத்துத் தோற்றுப்போயிருக்கிறான். இறக்குவதற்கு உயர்ந்த இலக்கு இல்லாதபோது பனடோல் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சுயநினைவு தடுமாறுபவரின் வாயில் மாத்திரையோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து வேறு. போர்வையோ கடைசி வாயிலையும் அடைத்துவிடுகிறது.

ஆகவே தோழியரே, வெயிலில் நின்ற ஒருவர் உடல் கொதிக்க, பேச்சுக் குழம்பி, தள்ளாடி விழுந்தால் அதைக் காய்ச்சல் என்று எண்ணாதீர்கள். தோல் உலர்ந்திருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். பேச்சுக் குழம்புவதே பெரிய அடையாளம். நிழலுக்குக் கொண்டு போங்கள். மேலாடைகளைத் தளர்த்துங்கள். உடலெங்கும் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் கக்கத்திலும் வையுங்கள். 1990 ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணித்தியாலமே உயிரைத் தீர்மானிக்கிறது.

உடையும் நோன்பும்

நம்மைப் பார்த்து அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வெயிலில் கறுப்பு அபாயா சுடாதா? இதே கேள்வியைப் பாலைவன அரபிகளைப் பற்றி விஞ்ஞானிகள் கேட்டு, 1980 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் விடையை வெளியிட்டார்கள். கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் அந்த வெப்பம் தோலை அடையுமுன் உள்ளே ஓடிய காற்றோடு போய்விட்டது. இரு நிறத்திலும் உடல் பெற்ற வெப்பம் ஒன்றே. பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் செய்த ஆய்வு இது. நம் புழுக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் பாடம் தெளிவு: நிறத்தைவிடத் தளர்வும் துணியும் முக்கியம். காற்றும் ஈரமும் ஊடுருவாத செயற்கை இழைத் துணி வியர்வையைச் சிறைப்படுத்தும். மெல்லிய பருத்தி அதை விடுவிக்கும்.

நோன்பு வெயில் காலத்தில் வந்தால், மஃரிப் வரை உடலிடம் இருப்பது ஸஹரில் சேமித்த தண்ணீர் மட்டுமே. அதை நண்பகல் வெயிலில் செலவிடாமல், பாரமான வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவது அறிவுடைமை. நோயுற்றவருக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதையும் மறக்கலாகாது.

2024 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கைகளை விடுத்தபோது, மாணவரை வெயிலில் பயிற்சிக்கு நிறுத்துவதைக் கட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும்போது அதை நாமாகவே நினைவில் வைத்திருப்போம். ஓடிக்கொண்டிருக்கும் தோழி தலை சுற்றுகிறது என்றால், "இன்னும் ஒரு சுற்று" என்று உற்சாகப்படுத்துவது அன்பாகாது.

இந்த ஆண்டும் கச்சான் வந்துவிட்டது. மாமா இப்போது சுபஹ் தொழுததும் வயலுக்குப் போய், பத்து மணிக்கு முன் திரும்பிவிடுகிறார். "மான் படுத்திட்டுது, நானும் படுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே திண்ணையில் சாய்கிறார். உம்மம்மா அந்தப் போர்வையை மடித்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார், மாரி வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று.